முறுக்கும் பொடியும் அமெரிக்கா போவதற்கு முன்

ஈரோட்டிலோ மதுரையிலோ நான்கைந்து வருடம் முறுக்கு, தட்டை, இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று போட்டு, உள்ளூரில் பெயர் எடுத்துவிட்ட சிறு நிறுவனங்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் அமெரிக்காதான். அங்கே விற்குமா என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. விற்கும். நியூஜெர்சியின் எடிசன், கலிஃபோர்னியாவின் சன்னிவேல், டல்லாஸைச் சுற்றியுள்ள ஃபிரிஸ்கோ, பிளேனோ என எங்கும் வாங்க ஆள் இருக்கிறார்கள். அடி விழுவது வேறு இடங்களில்: பொட்டலத்தின் பின்பக்கம், அட்டைப்பெட்டியின் அளவு, 'இறக்குமதியாளர்' என்ற கட்டத்தில் எழுதும் பெயர். விளம்பரம், இன்ஸ்டாகிராம் பற்றி இங்கே ஒன்றும் இருக்காது. அதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள்.

எதை அனுப்புவது

உள்ளூரில் 40 ரகம் விற்பவர் வெளிநாட்டுக்கு 5 ரகத்தோடு போனால் போதும். ஒவ்வொரு ரகத்துக்கும் தனி லேபிள், தனி ஊட்டச்சத்துப் பரிசோதனை, தனி அபாய ஆய்வு வேண்டும். 40 ரகத்துக்கு இதைச் செய்தால் முதல் கன்டெய்னரின் லாபம் லேபுக்கே போய்விடும்.

எந்த ஐந்து என்பதை விற்பனைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ரிட்டார்ட் பையில், அதாவது அடைத்த பிறகு அழுத்தத்தில் சூடேற்றிப் பதப்படுத்திய பையில், வரும் சாம்பாரும் பாயசமும் கண்ணுக்கு அழகான சரக்கு. ஆனால் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் கூடினால் அமிலம் குறைவு) 4.6க்கு மேலும் நீர்ச் செயல்பாடு (கிருமி வளரப் பயன்படும் ஈரத்தின் அளவு) 0.85க்கு மேலும் இருக்கும் அறை வெப்ப உணவு அமெரிக்காவில் 'குறைந்த அமிலப் பதப்படுத்தல்' வகையில் வருகிறது. அதற்குத் தொழிற்சாலை தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பண்டத்துக்கும், ஒவ்வொரு பை அளவுக்கும் எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் என்ற செயல்முறையைத் தாக்கல் செய்ய வேண்டும். 200 கிராம் பைக்குத் தாக்கல் செய்துவிட்டு 300 கிராமில் அனுப்பினால் துறைமுகத்தில் நிற்கும். ஊறுகாய்க்கும் அமிலம் சேர்த்த உணவுக்கான விதிகள் பொருந்துமா என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இறைச்சி கலந்த எதையும் நினைக்கவே வேண்டாம். இந்திய இறைச்சிக்கு அங்கே அனுமதி இல்லை. முதல் பயணத்துக்கு உலர்ந்த பண்டமே சரி.

பொடியில் ஒரு மறைவான பிரச்சினை உண்டு. பருப்பையும் மிளகாயையும் வறுத்து அரைக்கும்போது கிருமி செத்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அரைத்த பிறகு கலக்கும் பெருங்காயம், உப்பு, கூடுதல் மிளகாய்த்தூள் எதுவும் வறுபடுவதில்லை. சால்மொனெல்லா நுழைவது இந்த வழியில்தான். முறுக்கு 170, 180 டிகிரி எண்ணெயில் வெந்து சுத்தமாக வெளியே வருகிறது. மிக்சரில் பொரித்த பிறகு தூவும் மசாலா அந்தச் சுத்தத்தைக் கெடுத்துவிடுகிறது. தீர்வு, கடைசியில் சேரும் தூள்களை நீராவியால் கிருமிநீக்கம் செய்ததாக வாங்குவது. ஒவ்வொரு பேட்சுக்கும் சப்ளையரின் பரிசோதனைச் சான்றைக் கோப்பில் வைப்பது. '25 கிராமில் சால்மொனெல்லா இல்லை' என்ற ரிப்போர்ட்டோடு நிற்காமல், 375 கிராம் கூட்டு மாதிரியில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க லேப் பார்ப்பது அப்படித்தான்.

கிருமியைக் கொல்ல எத்திலீன் ஆக்சைடு வாயு போட்ட மிளகாய்த்தூள் மலிவாகக் கிடைக்கும். அமெரிக்காவில் மசாலாவுக்கு 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 7 பங்கு) வரை அதன் எச்சம் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் இது கண்டுபிடிக்கப்பட்டு ஐரோப்பா முழுக்கச் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இதே காரணத்துக்காகப் பெரிய இந்திய மசாலா நிறுவனங்களின் பொடிகளைப் பிடித்தன. இன்றைக்கு அமெரிக்கா, நாளைக்கு ஜெர்மனி என்று திட்டம் இருந்தால் ஆரம்பத்திலிருந்தே நீராவி முறைக்குப் போய்விடுவது நல்லது. ஐரோப்பாவுக்கு நெய் இனிப்பு அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடலாம். இந்தியப் பால் பொருளுக்கு அங்கே கதவு மூடியிருக்கிறது.

ஆயுள்

முறுக்கு பொட்டலத்தில் '4 மாதம்' என்று போட்டிருந்தால் அமெரிக்கப் பேச்சே வேண்டாம். உற்பத்தி முடிந்து லோடு சேர இரண்டு மூன்று வாரம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, கிழக்குக் கரைக்குப் போய்ச்சேர 40 முதல் 55 நாள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில் அது இன்னும் நீண்டது. சுங்கம், வேர்ஹவுஸ், கடைக்கு வண்டி எல்லாம் சேர்த்தால் அலமாரியில் ஏறும்போது மூன்று மாதம் கழிந்திருக்கும். வாங்குபவர்களோ மொத்த ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள். ஆக, உண்மையான 9 மாத ஆயுள் வேண்டும். அச்சில் 9 மாதம் போடுவது எளிது. எட்டாவது மாதம் பொட்டலத்தைப் பிரித்தால் சிக்கு வாடை வரக் கூடாதே, அதுதான் வேலை.

எண்ணெய்தான் இதில் பாதி. ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிப்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த எல்லை, மொத்தப் போலார் சேர்மங்கள் (எண்ணெய் கெடக் கெடக் கூடும் பொருட்கள்) 25 சதவீதம். ஏற்றுமதி பேட்சுக்கு அந்த எல்லையை நெருங்கவே விடக் கூடாது. புது எண்ணெயில் போட்ட முதல் சில ஈடுகளை ஏற்றுமதிக்கு ஒதுக்கி, மற்றதை உள்ளூருக்கு விடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் கணக்குக்கு அது சரி. மீதிப் பாதி பேக்கிங்: மெட்டலைஸ்டு படலம், நைட்ரஜன் அடைத்து உள்ளே எஞ்சும் ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குள், முறுக்கின் ஈரப்பதம் 3 சதவீதத்துக்குள். சீல் போடும் இடத்தில் ஒரு துணுக்கு மாவு ஒட்டினாலும் அந்தப் பை மெதுவாகக் காற்று விடும். மணிக்கு ஐந்து பையாவது எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் கப்பல் மேல்தளத்துக் கன்டெய்னருக்குள் 50 டிகிரியைத் தாண்டும் என்பதால், 40 டிகிரியில் வைத்துப் பார்க்கும் விரைவுச் சோதனையை முடிக்காமல் தேதி அச்சடிக்க வேண்டாம்.

லேபிள்

சரக்கு நிற்பதற்கான காரணங்களில் மிக அபத்தமானவை எல்லாம் இங்கேதான். உள்ளூர்ப் பொட்டலத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடலாம் என்று தொடங்குகிறார்கள். ஏற்றுமதிக்குத் தனிப் பொட்டலமே போடுங்கள்.

முன்பக்கத்தில் கீழ் 30 சதவீதப் பகுதிக்குள் எடை அவுன்சிலும் கிராமிலும் இருக்க வேண்டும். பண்டம் என்ன என்பது ஆங்கிலத்தில், எல்லோருக்கும் புரியும் பெயரில். பின்பக்கத்தில் அமெரிக்க வடிவ ஊட்டச்சத்து அட்டவணை. இந்திய அட்டவணை 100 கிராமுக்குக் கணக்கிடுகிறது. அங்கே ஒரு முறை சாப்பிடும் அளவுக்கு. முறுக்கு, மிக்சர் போன்ற நொறுக்குத் தீனிக்கு அடிப்படை அளவு 30 கிராம். சேர்த்த சர்க்கரை, வைட்டமின் டி, பொட்டாசியம் ஆகியவற்றுக்கு வரி வேண்டும். பழைய வடிவ அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுத் திரும்பவும் அச்சடித்தவர்கள் உண்டு. இந்தியாவில் தயாரித்தது என்பதும் தயாரிப்பாளர் அல்லது விநியோகஸ்தர் முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒவ்வாமைப் பட்டியலில்தான் நம் பலகாரங்கள் மாட்டுகின்றன. அமெரிக்காவில் அறிவிக்க வேண்டியவை ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. இந்திய விதிப் பட்டியலில் எள் இல்லை, அதனால் நம் வடிவமைப்பாளர் அதைத் தனியாகக் காட்டமாட்டார். முறுக்கிலும் இட்லிப் பொடியிலும் எள் இல்லாமல் இருக்குமா? அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம்; அதில் பெரும்பாலும் மைதா இருக்கிறது. 'அரிசி முறுக்கு, குளூட்டன் இல்லாதது' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே அந்தப் பெருங்காயத்தைச் சேர்த்தால், அது தவறான லேபிள் மட்டுமில்லை, ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடிய விஷயம். குளூட்டன் இல்லை என்று சொல்ல 20 பி.பி.எம்.க்குக் கீழே இருக்க வேண்டும். அரிசி மாவை அடிப்படையாகக் கொண்ட பெருங்காயம் கிடைக்கிறது; அதை வாங்கி, அதே வரிசையில் கோதுமைப் பண்டம் ஓடவில்லை என்று உறுதி செய்து, லேபில் பார்த்த பிறகு போடுங்கள். ஐரோப்பாவுக்குப் போனால் பட்டியல் பதினான்காகும், அதில் கடுகும் உண்டு.

நிறம்: இந்தியாவில் அனுமதி உள்ள கார்மோசினும் (ஐ.என்.எஸ். 122) பொன்சோ 4ஆரும் (ஐ.என்.எஸ். 124) அமெரிக்காவில் தடை. டார்ட்ராசினுக்கும் சன்செட் யெல்லோவுக்கும் அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பேட்ச் வாரியாகச் சான்றளித்த சாயமாக இருக்க வேண்டும், அங்குள்ள பெயரிலேயே எழுத வேண்டும். எரித்ரோசினுக்கான அனுமதியை 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள். உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரைதான் கெடு. நிறமே போடாமல் மஞ்சளும் மிளகாயும் கொடுக்கும் நிறத்தோடு அனுப்புவது எல்லா வகையிலும் நிம்மதி.

சின்ன விஷயங்கள் இரண்டு. பொட்டலத்தில் ரூபாய் விலை இருக்கக் கூடாது. 60 ரூபாய் என்று அச்சிட்ட பையை இரண்டு டாலருக்கு விற்கும் கடைக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன், அவர்களுக்கு மே.

கலிஃபோர்னியாவில் விற்பதானால் அந்த மாநிலத்தின் 1986ஆம் வருட 'ப்ரபொசிஷன் 65' சட்டத்தையும் கணக்கில் வையுங்கள். ஈயம், பொரித்த பண்டத்தில் உண்டாகும் அக்ரிலமைடு போன்றவை குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் எச்சரிக்கை வாசகம் வேண்டும். இல்லாவிட்டால் தனியார் வழக்கறிஞர்களே நோட்டீஸ் விடலாம். இதையே தொழிலாகச் செய்பவர்கள் அங்கே உண்டு. ஈயத்துக்கு அந்த எல்லை நாளொன்றுக்கு 0.5 மைக்ரோகிராம். மஞ்சள்தூள் வாங்கும் இடத்தை ஒருமுறை நன்றாகச் சோதித்துவிடுவது அதனால்தான்.

எஃப்.டி.ஏ.வும் 'இறக்குமதியாளர்' கட்டத்தில் வரும் பெயரும்

தொழிற்சாலையை எஃப்.டி.ஏ.விடம் பதிவு செய்வது இணையத்தில், கட்டணமில்லாமல். அடையாள எண்ணாக டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கு உலக அளவில் தரப்படும் எண்) வேண்டும், அமெரிக்காவில் வசிக்கும் ஒரு ஏஜென்ட் வேண்டும். ஒவ்வொரு இரட்டைப்படை வருடமும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு செல்லாது. இதற்கு எஃப்.டி.ஏ. எந்தச் சான்றிதழும் தருவதில்லை. தங்க முத்திரையோடு 'எஃப்.டி.ஏ. அங்கீகாரம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்தை முப்பதாயிரம், நாற்பதாயிரத்துக்கு விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். லேபிளில் 'எஃப்.டி.ஏ. அங்கீகரித்தது' என்று போடுவது இன்னும் மோசம்.

ஏஜென்டைத் தேர்வு செய்யும்போது மலிவு பார்ப்பது வழக்கம். எஃப்.டி.ஏ. உங்கள் ஆலையைப் பார்வையிட வர நினைத்தால் மின்னஞ்சல் அந்த ஏஜென்ட்டுக்கும் போகும். அவர் அதைப் பார்க்காமல் விட்டால், உங்கள் மௌனம் மறுப்பாகவே கருதப்படலாம். ஆய்வை மறுத்த ஆலைகளுக்கென்றே ஓர் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் ஏறினால் உங்கள் சரக்கு எல்லாம் துறைமுகத்தில் தானாக நிறுத்தப்படும்.

ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பு தர வேண்டும்: கடல் வழி என்றால் வந்து சேர்வதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன், விமானம் என்றால் 4 மணி நேரம். இதை அங்கிருக்கும் சுங்க புரோக்கர் செய்துவிடுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, 2011ஆம் வருட உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டத்தின் கீழ் வரும் 'வெளிநாட்டு சப்ளையர் சரிபார்ப்புத் திட்டம்'. அமெரிக்காவில் ஒருவர், நீங்கள் பாதுகாப்பான உணவு தயாரிக்கிறீர்கள் என்று ஆவணங்களோடு பொறுப்பேற்க வேண்டும். சரக்கு நுழையும்போது ஒவ்வொரு பண்டத்துக்கும் அவர் பெயர், மின்னஞ்சல், டன்ஸ் எண் தாக்கலாகும். வாங்குபவரே அந்தப் பொறுப்பை ஏற்றால் நல்லது. சில மளிகை விநியோகஸ்தர்கள் 'பேப்பர் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். அப்படிச் சொல்பவரிடம் சரக்கு அனுப்புவதற்கு முன் அந்தப் பெயர் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆண்டு விற்பனை சுமார் 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள சிறு இறக்குமதியாளருக்கு விதிகள் கொஞ்சம் தளர்வு. ஆனால் உங்களிடமிருந்து குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எழுத்துபூர்வ உறுதிமொழி அவர் கோப்பில் இருக்க வேண்டும். ஆய்வில் கோப்பு காலியாக இருந்தால் அந்த இறக்குமதியாளர் கொண்டுவரும் உங்கள் பண்டமும் எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போகலாம். பட்டியலில் ஏறுவது ஒரு சரக்கில் நடந்துவிடும். இறங்க, பொதுவாகத் தொடர்ந்து ஐந்து சரக்குகள் தனியார் லேப் சோதனையில் சுத்தமாகப் போக வேண்டும், செலவு உங்களுடையது.

இந்தியப் பக்கத்துக் காகிதங்கள் ஒப்பிட்டால் சுலபம். ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண் 500 ரூபாய். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் முடங்கிவிடும், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு) போடும் அன்றுதான் தெரியவரும். அன்னியச் செலாவணி வந்து சேரும் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏ.டி. கோடைச் சரக்கு ஏறும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். சென்னைக்குப் பதிந்துவிட்டு, கப்பல் தேதி சரிவரவில்லையென்று தூத்துக்குடிக்கு மாற்றும்போதுதான் இது நினைவுக்கு வரும். ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதத்தைப் புதுப்பிக்க வேண்டும். மசாலாப் பொடிகளுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு, மற்ற பல பண்டங்களுக்கு அபீடா (வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு. வரி விகிதத்தை முடிவு செய்யும் பொருள் வகை எண்ணான எச்.எஸ். கோடில் முதல் ஆறு இலக்கம்தான் உலகத்துக்குப் பொது; மீதியை அங்குள்ள புரோக்கரிடம் கேட்டுவிட்டே விலை சொல்லுங்கள்.

கன்டெய்னர் கணக்கு

20 அடி கன்டெய்னரின் உள்ளளவு நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. 40 × 30 × 30 செ.மீ. பெட்டியைத் தரையிலிருந்து அடுக்கினால் ஓர் அடுக்குக்கு 98, ஏழு அடுக்கு, ஆக சுமார் 680 பெட்டி. ஒரு பெட்டியில் நைட்ரஜன் அடைத்த 200 கிராம் முறுக்கு 20 பை பிடிக்கும் என்று வையுங்கள். மொத்தம் 13,600 பை, எடை 2,720 கிலோ. இருபது டன்னுக்கு மேல் தாங்கும் பெட்டிக்குள் மூன்று டன்கூட இல்லை. பைக்கு 50 சென்ட் விலை என்றால் சரக்கின் மதிப்பு 6,800 டாலர். கப்பல் வாடகையைக் கணக்குக்காக 3,000 என்று வைத்தால், மதிப்பில் 44 சதவீதம் வாடகைக்கே போகிறது. முறுக்கு ஏற்றுமதி என்ற பெயரில் காற்றை ஏற்றுமதி செய்கிறோம்.

அதே பெட்டியில் 200 கிராம் இட்லிப் பொடி 90 பை, 18 கிலோ பிடிக்கும். 680 பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 136 பெட்டியைப் பொடிக்கு ஒதுக்கினால் 12,240 பை. பை 70 சென்ட் என்றால் அதுவே 8,568 டாலர். மீதி 544 பெட்டி முறுக்கு 5,440 டாலர். மொத்தம் 14,008, வாடகையின் பங்கு 21 சதவீதமாக இறங்குகிறது. முறுக்கு பெயர் வாங்கித் தரும், பொடி பணம் தரும் என்று இந்த வியாபாரத்தில் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். பொடி கீழே, முறுக்கு மேலே. மாற்றி ஏற்றினால் எடிசனில் பிரிக்கும்போது முறுக்கும் பொடியாக இருக்கும்.

பாலெட்டில் வைத்தால் 600 பெட்டிக்கு மேல் போகாது, ஆனால் இறக்கும் கூலி குறையும், நசுங்கலும் குறையும். மரப் பாலெட் என்றால் உள்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத ஒரு பாலெட்டுக்காக முழுக் கன்டெய்னரும் திரும்பி வந்துவிடலாம். ஈரத்தை உறிஞ்சும் பட்டைகளைக் கன்டெய்னர் சுவரில் தொங்கவிடுங்கள்; இரவும் பகலும் மாறி மாறிச் சூடேறிக் குளிரும்போது கூரையில் நீர் கோத்துப் பெட்டிமேல் சொட்டும்.

முதல் தடவை முழுக் கன்டெய்னர் எடுக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்பது வேறு. ஐந்தாறு கன மீட்டர் அளவில் எல்.சி.எல். ஆக, அதாவது பலர் சரக்கோடு ஒரே கன்டெய்னரைப் பகிர்ந்து, போகும். அதில் கூட வரும் சரக்கு என்னவென்று, சரக்கை ஏற்றி அனுப்பும் ஃபார்வர்டரிடம் கேளுங்கள். ரசாயனமோ ரப்பரோ பக்கத்தில் இருந்தால் முறுக்கு அந்த வாடையை வாங்கிக்கொள்ளும். பக்கத்துச் சரக்கைச் சுங்கம் பிடித்தால் உங்களுடையதும் அதோடு நிற்கும்.

50 சென்ட் பை கடையில் எவ்வளவுக்கு வரும்? வாடகை 22 சென்ட், வரி, புரோக்கர், துறைமுகத்திலிருந்து வண்டி எல்லாம் சேர்த்து 15 சென்ட் என்றால் 87. இறக்குமதியாளர் தன் விற்பனை விலையில் 25 சதவீத லாபம் வைத்தால் 1.16 டாலர், கடை அதேபோல் 35 சதவீதம் வைத்தால் 1.79. இந்தக் கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும்: அலமாரியில் பக்கத்துப் பை என்ன விலை என்று பார்த்து, அங்கிருந்து கழித்துக்கொண்டே வந்து, நம் கைக்கு மிஞ்சுவது அடக்கவிலைக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பது.

வரி யார் தலையில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியச் சரக்குக்கு 25 சதவீதக் கூடுதல் வரி வந்தது, அதே மாதம் 27 அன்று மேலும் 25. அதன் பிறகும் விகிதங்கள் மாறின. எஃப்.ஓ.பி. சென்னை, அதாவது சென்னையில் கப்பலில் ஏற்றும்வரைதான் என் பொறுப்பு, என்று விலை சொன்னவருக்குப் பேரம்தான் கூடியது. வரி உட்படக் கடை வாசலில் தருகிறேன் என்று டி.டி.பி. விலை சொன்னவர் கூடிய வரிக்குக் கைக்காசு போட வேண்டியிருந்தது. அதே ஆகஸ்ட் 29 முதல் 800 டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்கு இருந்த வரிவிலக்கும் போனது. இந்திய அஞ்சல் துறையே அமெரிக்கப் பார்சலை நிறுத்தி அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. சென்னையிலிருந்து நேராக வீட்டுக்குக் கூரியரில் அனுப்பியே பிராண்டை வளர்த்துவிடலாம் என்ற திட்டம் இனி முழுத் திட்டமாக இருக்க முடியாது. எந்த ஊரில் கேட்பவர்கள் அதிகம் என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

இவ்வளவையும் பார்த்து மலைப்பாக இருந்தால் சிங்கப்பூரில் தொடங்குவது நல்ல வழி. கடல் வழி ஒரு வாரத்துக்குள், லேபிள் ஆங்கிலம், செராங்கூன் சாலையைச் சுற்றியே சந்தையின் பெரும்பகுதி. தப்பு நடந்தாலும் இழப்பு சிறியது.

பணமும் பெயரும்

முதல் ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம், மீதி பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது; அசல் வைத்திருப்பவரே சரக்கை எடுக்கலாம்) நகல் காட்டியதும் என்பதுதான் பத்திரமான ஏற்பாடு. மீதிப் பணம் வரும்வரை அசல் பி.எல். உங்கள் கையில் இருக்கட்டும். 'சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது, டெலக்ஸ் ரிலீஸ் கொடுங்கள், நாளைக்குப் போட்டுவிடுகிறேன்' என்ற போனுக்கு இளகக் கூடாது; அசல் பி.எல். இல்லாமலே சரக்கை விடச் சொல்வதுதான் அது. மூன்றாவது ஆர்டரிலிருந்து 45, 60 நாள் கடன் கேட்பார்கள். அப்போது, ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யில் அந்த வாங்குபவர் பெயரில் கடன் வரம்பு வாங்கிவிட்டுப் பேசுங்கள். அந்த நிறுவனம் 1957லிருந்து இதற்காகவே இருக்கிறது. அவர்கள் வரம்பு தர மறுத்தால் அதுவே ஒரு தகவல். நசுங்கியது, தேதி முடிந்தது என்று விநியோகஸ்தர் போடும் கழிவுக்கு உச்சவரம்பு எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிபடும்.

பிராண்ட் பெயரை அமெரிக்காவில் உங்கள் பெயரில் பதியாமல் ஒரு பெட்டிகூட அனுப்ப வேண்டாம். விநியோகஸ்தர் 'உங்களுக்காக' தன் பெயரில் பதிந்துவிட்டு, பிறகு அவரை மாற்ற முடியாமல் போவது இந்தத் தொழிலில் பழைய கதை. 2025 ஜனவரி முதல் கட்டணம் பண்ட வகுப்பு ஒன்றுக்கு 350 டாலர். முறுக்கும் பொடியும் 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. வெளிநாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பித்தால் அமெரிக்க வழக்கறிஞர் மூலமாகத்தான் போக வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பெயரைப் பதிய உதவும் மாட்ரிட் ஒப்பந்தத்தில் இந்தியா 2013லேயே சேர்ந்துவிட்டதால், பல நாடுகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கிண்டியிலுள்ள டிரேட்மார்க் அலுவலகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்கா முழுமைக்கும் ஏகபோக உரிமை கேட்கும் விநியோகஸ்தருக்கு நான்கு மாநிலம் கொடுங்கள், வருடத்துக்கு இத்தனை கன்டெய்னர் என்ற நிபந்தனையோடு.

அங்கே சொந்தக் கம்பெனி தொடங்குவது முதல் வருடத்து வேலையில்லை. இணையத்தில் முந்நூறு டாலருக்கு டெலவேர் எல்.எல்.சி. கிடைக்கிறதே என்று தொடங்கிவிடுகிறார்கள். இந்திய நிறுவனம் அதற்குப் பணம் அனுப்பும் முன் வங்கி வழியாக, வெளிநாட்டு முதலீட்டுக்கான ஃபார்ம் எஃப்.சி. தாக்கல் செய்ய வேண்டும், வருடா வருடம் டிசம்பர் 31க்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை தர வேண்டும். அமெரிக்க வரித் துறையிடம் ஃபார்ம் 5472 (வெளிநாட்டு உரிமையாளரோடு நடந்த கொடுக்கல் வாங்கல் விவரம்) தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் 25,000 டாலரில் தொடங்குகிறது. மேலே சொன்ன கன்டெய்னரின் மதிப்பைவிட அதிகம். வருடத்துக்கு ஆறேழு கன்டெய்னர் ஓடும்போது, வேர்ஹவுஸில் உங்கள் சரக்கே உங்கள் பெயரில் நிற்க வேண்டிய கட்டம் வரும். அப்போது இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு ஆடிட்டரை வைத்துத் தொடங்கலாம்.

அதற்கு முன் வங்கியில் பேச வேண்டியது பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வங்கி முன்கூட்டித் தரும் கடன். அரிசி மாவும் உளுந்தும் வாங்கியதிலிருந்து எண்ணினால் உற்பத்திக்கு 20 நாள், துறைமுகத்துக்கு 10, கடலில் 50, சுங்கத்துக்கும் வேர்ஹவுஸுக்கும் 10. கடன் கொடுத்திருந்தால் அதற்குமேலும் நாள் ஓடும். முதல் கன்டெய்னர் அலமாரியில் நன்றாக ஓடுகிறது என்று செய்தி வந்த பிறகு இரண்டாவதற்கு மாவு பிசைந்தால், மூன்று மாதம் அலமாரி காலியாக இருக்கும், அந்த இடத்தில் வேறொருவர் முறுக்கு உட்கார்ந்துவிடும். முதல் கன்டெய்னர் நடுக்கடலில் இருக்கும்போதே இரண்டாவது ஏற வேண்டும் என்பதால், ஒரு கன்டெய்னருக்கான பணம் அல்ல, இரண்டரை கன்டெய்னருக்கான பணம் கையிலோ வங்கி வரம்பிலோ இருந்தால்தான் முதல் கொள்முதல் ஆணையில் (பி.ஓ.) கையெழுத்துப் போட வேண்டும்.